எண்பதும் எழுபத்து நாலரையும்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண்ணைப் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் ஏற்றி, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு அனுப்பிவைத்தேன். ஆத்திரம் இன்னும் தீரவில்லை. இந்த வாரம் என்னிடம் ஜோக் எதிர்பார்க்காதீர்கள்.

முத்துலட்சுமி. சங்கரன்கோவில் பக்கம். நான் மெஷின் ரிப்பேர் பார்க்கும் கம்ப்யூட்டர் ஃபேக்டரியில் ட்ரெய்னி. இன்னும் பத்து நாள் போயிருந்தால் வேலை நிரந்தரம்.

முந்தின வாரம்தான் அவளை டெஸ்டிங் டேபிளுக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்து, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று திரையில் பார்த்து, ஷீட்டில் எழுத வேண்டும். பெட்டி மேல் 80 ஜிபி என்று ஸ்டிக்கர் இருக்கும். மற்ற டேபிள்களில் அதைப் பார்த்தே 80 என்று எழுதிவிடுவார்கள். திரையை யார் பார்த்தார்கள்?

இவள் பார்த்தாள். 74.5 என்று இருந்தது. அப்படியே எழுதினாள்.

ஆடிட்டுக்கு வந்தவர் கேட்டார் — இந்தப் பெண் பார்த்த மெஷினில் மட்டும் டிஸ்க் ஏன் சின்னது?

சூப்பர்வைசர் பாய்ந்தார். "இன்னாம்மா, எல்லாரும் எண்பது போட்டுகினு கீறாங்க. உன் டேபிள்ல மட்டும் அஞ்சரை ஜிபி எங்க பூட்ச்சு? வூட்டுக்கு எட்துகினு பூட்டியா?"

"ஸ்க்ரீன்ல உள்ளதத்தான் எழுதுனேன் சார். நீங்களே வந்து பாருங்க."

"எதுத்து வேற பேசறியா?"

அவர் போய்ப் பார்க்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். டிஸ்க் செய்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான். கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது. பைட்டிலிருந்து ஜிபி வரை மூன்று படி. படிக்குப் படி வித்தியாசம் ஏறி, இவன் எண்பது என்பதை அது எழுபத்து நாலரை என்கிறது. ஒரே டிஸ்க். ஒரு பைட்கூடக் குறையவில்லை. பெயரை மட்டும் இரண்டு பேரும் ஜிபி என்றே வைத்துக்கொண்டார்கள்... வேலை போனது இவளுக்கு.

தாளில் கணக்குப் போட்டு மேனேஜரிடம் நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

"தெரியும்ப்பா. அந்தப் பொண்ணு எழுதுனது சரின்னா, மத்த ஷீட்டெல்லாம் பாக்காம எழுதுனதுன்னு ஆவுதே? ஆடிட்டுக்கு வந்தவன் லைனையே நிறுத்தச் சொல்வான்."

எல்லா டேபிளையும் காப்பாற்ற ஒரு ட்ரெய்னி. 'ரெக்கார்டில் கவனக்குறைவு' என்று கடிதம் அடித்துக் கொடுத்தார்கள்.

ஆட்டோவில் ஏறும்போது கேட்டாள். "அண்ணே, வீட்ல என்னன்னு சொல்லுவேன்? தப்பா எழுதுனேன்னு அனுப்பிட்டாவன்னா, சரியா எழுதுனேன்னு அனுப்பிட்டாவன்னா?"

பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

மறுநாள் அந்த நாற்காலியில் வேறொரு பெண். "ஸ்க்ரீன்ல எவ்ளோம்மா காட்டுது?" என்றேன்.

தலையைத் தூக்காமலே சொன்னாள். "இன்னா எழுதணுமோ அத்த சொல்லுங்க சார், எழுதிடறேன்."

இவளுக்கு வேலை நிரந்தரமாகிவிடும்.