ஊருக்கெல்லாம் சொன்ன பத்தியம்

எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டுக் குட்டிப் போவாப் பாம்பு இரையைக் கக்கினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். ஓஹையோவின் இந்தப் பக்கத்தில் பாம்பு வயிற்றைப் பற்றி வெர்னன் ஸ்டக்கியைவிட அறிந்தவன் கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் இந்த வெர்னன் ஸ்டக்கிதான்.

பிழைப்புக்கு வீடுகளின் ஹீட்டர்களைப் பழுது பார்க்கிறேன். பெருமைக்குப் பாம்புச் சங்கம். மாதம் ஒருமுறை தீயணைப்பு நிலையத்தின் பின்கூடத்தில் கூடுவோம். காபி, டோனட், பிறகு என் பேச்சு. பேச்சு எப்போதும் ஒன்றுதான். பாம்பின் இடுப்பைவிடப் பருத்த எலியைக் கொடுக்காதே. பத்து நாளைக்கு ஒன்று போதும். தின்றதும் தூக்கிக் கொஞ்சாதே. கூண்டில் சூடு இறங்கவிடாதே. கக்கிவிட்டால் இரண்டு வாரம் பட்டினி போடு, பாவம் பார்க்காதே. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பாம்பு வயித்துல கோளாறு இல்லீங்க, வளக்கிறவன் கையிலதான் கோளாறு" என்பேன். கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலோடு இரண்டாவது டோனட்டை எடுத்துக்கொள்வேன்.

அக்டோபரில் பொருட்காட்சித் திடலில் நடந்த பாம்புச் சந்தையில் ஒரு குட்டிப் போவாவை வாங்கினேன். கட்டைவிரல் தடிமன், காபி நிறம். பட்டன் என்று பெயர் வைத்தேன். வீட்டில் ஏற்கெனவே ஜூடித் இருக்கிறாள். பதினெட்டு வயதுப் போவா, என் கால் தடிமன், என்னைவிடப் பொறுமைசாலி. என் மனைவி லோர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கல்யாணத்தின்போதே எங்களுக்குள் ஒப்பந்தம்: பாம்பு என் பாடு, மற்றதெல்லாம் அவள் பாடு. அவள் பாம்பு அறைக்குள் எட்டிப் பார்ப்பதே துணி எடுத்து வைக்கத்தான்.

நவம்பரில் பட்டன் கக்கினான். பாதி செரித்த கூழ், வீடு முழுக்க நாற்றம். வேறு யாராவது போன் செய்திருந்தால் எதிர்முனையில் இருப்பவர் அழும்வரை திட்டியிருப்பேன். எனக்கு நானே போன் செய்ய முடியாதே. ஊருக்கெல்லாம் வீட்டைச் சூடாக்கித் தருகிறவன் வீட்டில் சூடு போதவில்லையோ என்று சூட்டுக் கருவியை மாற்றினேன். சொன்னபடி பட்டினி போட்டேன். பிறகு ஃபிரீஸரில் வாங்கி வைத்திருந்த வெள்ளை எலிக்குஞ்சுகளில் சின்னதாக ஒன்றை வெந்நீரில் உறைநீக்கிக் கொடுத்தேன். மறுபடியும் கக்கினான். தண்ணீரை மாற்றினேன், கூண்டை மாற்றினேன், ஜன்னலில் போர்வை தொங்கவிட்டேன். அந்த மாதக் கூட்டத்தில் பட்டன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார்கள். அருமையாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, கக்குவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன்.

கடைசியில் மருத்துவர் அபர்நாத்தியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த அம்மாள் பட்டனின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார். போவாக்களுக்கு வரும் ஒரு கிருமி நோய் உண்டு, மருந்து கிடையாது, கூட இருக்கும் பாம்புக்கும் தொற்றியிருக்கும் என்றார். அப்படி இருந்தால் இரண்டையும் ஊசி போட்டு மேலே அனுப்பிவிட வேண்டும். ஜூடித்தையுமா என்று கேட்டேன். அவர் ஆமென்று தலையாட்டினார். வண்டியில் வந்து உட்கார்ந்து சாவியைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

முடிவு வருவதற்குள் பட்டன் மூன்றாம் முறை கக்கினான். இந்த முறை சீக்கிரமே வந்துவிட்டதால் கூழாகவில்லை. வாரித் தட்டில் போட்டுப் பார்த்தேன், இரண்டு எலிகள் கிடந்தன. ஒன்று நான் கொடுத்த வெள்ளை. இன்னொன்று கறுப்பு. நான் வாழ்நாளில் கறுப்பு எலி வாங்கியதில்லை. இந்த நோய் எலியின் நிறத்தை மாற்றுமோ என்று, ஓஹையோவின் இந்தப் பக்கத்துப் பெரிய அறிவாளி, ஒரு கணம் உண்மையாகவே யோசித்தேன்.

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். லோர்னா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது நான் வாங்குனது இல்லையே" என்றேன்.

"தெரியும். நான் வாங்குனது."

கையைத் துடைத்துக்கொண்டு ஃபிரீஸரைத் திறந்து பச்சைப் பட்டாணிப் பையை எடுத்துக் காட்டினாள். பட்டாணிக்கு நடுவே கறுப்பு எலிக்குஞ்சுகள். வீட்டிலேயே நான் கை வைக்காத ஒரே பொருள் அந்தப் பைதான் என்பது அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் பேருந்தை விட்டுவிட்டு வந்தால் வீட்டில் ஆள் இருக்காதாம். துணி வைக்கப் போனால் பட்டன் கண்ணாடியருகே வந்து நாக்கை நீட்டி நீட்டிப் பார்ப்பானாம். "பத்து நாளைக்கு ஒரு வாய்னா எந்த வயிறு தாங்கும்? நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். நீ எதைத்தான் மறக்கல" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. சங்கத்துக் குரலில் ஆரம்பித்தேன். செரிக்க எத்தனை நாள் ஆகும், ஒன்றின் மேல் ஒன்று போனால் என்ன ஆகும், கக்கும்போது வயிற்றின் அமிலமெல்லாம் எப்படி வெளியேறுகிறது, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"இவ்வளவு விஷயம் இருக்கா இதுல?"

"பதினஞ்சு வருஷமா ஊருக்கே சொல்லிட்டு வர்றேன், லோர்னா."

"ஊருக்குச் சொன்ன. எங்கிட்ட ஒரு தடவையாவது சொல்லிருக்கியா, வெர்ன்? கூண்டுல கை விடாதன்னு மட்டும்தான் சொன்ன. நான் கை விடல. இடுக்கியாலதான் குடுத்தேன்."

தட்டை மெதுவாக மேஜையில் வைத்தேன்.

"செத்துருமா?" என்று கேட்டாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"தெரியல" என்றேன். பாம்பு வயிற்றைப் பற்றி நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் முறை.

இரண்டு நாளில் மருத்துவர் கூப்பிட்டார். ரத்தத்தில் நோய் இல்லை. ஜூடித்துக்குப் பயமில்லை. ஆனால் பட்டனின் வயிறு புண்ணாகிவிட்டது, இன்னொரு முறை கக்கினால் உடம்பு தாங்காது என்றார். மறுபடியும் பட்டினி, முன்பைவிட நீண்டது. பாவம் பார்க்காதே என்று மேடையில் முழங்கியவனுக்கு வீட்டில் பாவம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பட்டனின் தோல் பக்கவாட்டில் மடிப்பு விழுந்து தொங்கியது. சின்னதாக ஒரே ஒரு குஞ்சு கொடுத்தால் என்ன என்று ஒருநாள் ஃபிரீஸரைத் திறந்தேன். பின்னால் வந்து நின்ற லோர்னா, "பத்தியம், வெர்ன்" என்று மட்டும் சொன்னாள். மூடிவிட்டேன். என் பேச்சை ஒரே ஒரு முறை கேட்டவள் அதை என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். பட்டன் நாக்கை நீட்டுவது கண்ணில் படாதபடி கூண்டின் கண்ணாடியில் துண்டைக் கட்டி மறைத்தவளும் அவள்தான்.

கெடு முடிந்த அன்று ரோமம் முளைக்காத, விரல் நுனி அளவுக் குஞ்சு ஒன்றைக் கொடுத்தோம். பட்டன் விழுங்கினான். அதன் பிறகு வீட்டில் யாரும் சத்தமாகக் கதவைச் சாத்தவில்லை. தினமும் காலையில் அவள் ஒரு முறையும் நான் ஒரு முறையும் முகர்ந்து பார்த்தோம். நாற்றம் இல்லை. ஆனால் கக்காததே போதாது, செரித்ததற்குச் சாட்சி பின்பக்கமாக வர வேண்டும்.

அது ஒரு வியாழக்கிழமை வந்தது. நான் மேஜையில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லோர்னா காகிதத் துண்டில் அதை ஏந்திக்கொண்டு வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "சரியா இருக்கான்னு பாரு. நீதானே பெரிய ஆளு."

குனிந்து பார்த்தேன். கெட்டியாக, முறையாக, சின்னதாக இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்லா இருக்கு" என்றேன். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அடுத்த எலி எப்ப? இப்பவே சொல்லு" என்றாள்.

எப்போது, எவ்வளவு பெரியது, ஏன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிறையக் கேட்டாள். சாப்பாடு ஆறிப்போனது.