பக்கத்தில் கதவு வைத்த லேப்டாப்

காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு சொலவடை உண்டு. தறியின் மிதிகட்டையை ஆட்டுகிற காலைச் சொன்னது அது. எனக்குத் தறி கிடையாது. பெரிய காஞ்சிபுரத்தில் லேப்டாப் பழுது பார்க்கிற சின்னக் கடை ஒன்றுதான் இருக்கிறது. ஆனாலும் என் கால் ஆடும். முடியாத வேலை ஒன்று மேசையில் கிடந்தால் போதும், முட்டி தானாகக் குதிக்கத் தொடங்கிவிடும். மேசையில் காபி இருந்தால் தளும்பும். அந்த ஆடி மாதம் முழுக்க என் கடையில் காபி தளும்பிக்கொண்டே இருந்தது.

காரணம், ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் நெசவுக்கார வீட்டு அக்காவின் லேப்டாப். அவர்கள் தறிக்கு மேலே ஒரு மின்சாரப் பெட்டி உண்டு. எந்தப் பட்டு இழை எப்போது எழ வேண்டும் என்று லேப்டாப் சொல்லும், பெட்டி தூக்கும், அக்கா குறுக்கு நூல் சுற்றிய நாடாவை ஓட்டுவார். அப்படித்தான் புடவையில் பூ விழும். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்து கொடுத்தவர், இந்த முறை தன் மகளுக்கே நெய்துகொண்டிருந்தார். உடல் முடிந்துவிட்டது, முந்தானைதான் பாக்கி. முந்தானைக்கு மயில் டிசைன் போட்டதும் அந்த மகள்தான். அந்த நேரம் பார்த்து லேப்டாப் உயிரை விட்டது.

வேறு லேப்டாப் வைத்தால் ஆகாதா என்று பார்த்தவரெல்லாம் கேட்டார்கள். ஆகாது. பெட்டியிலிருந்து வருகிற பழைய காலத்து அகல வயரைச் செருக, இப்போது வருகிற எதிலும் இடம் கிடையாது. டிசைன் போடுகிற மென்பொருளோ அந்த ஒரு டிஸ்க்கோடு பூட்டுப் போட்டுக் கொடுத்தது. கொடுத்த ஆள் தொழிலை விட்டு எங்கோ போய்விட்டார். ஆக, ஒன்று இதே லேப்டாப் எழுந்து உட்கார வேண்டும். இல்லாவிட்டால் இதே மாடலில் இன்னொன்றைப் பிடித்து, இந்த டிஸ்க்கை அதில் மாட்ட வேண்டும்.

பிரித்துப் பார்த்தேன். சார்ஜரைச் செருகினால் லேப்டாப்பில் வெளிச்சம் வராதது மட்டுமில்லை, சார்ஜரில் எரிகிற விளக்கே அணைந்துபோகும். உருவினால் மறுபடி எரியும். உள்ளே எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது என்று அர்த்தம். பேட்டரியைக் கழற்றினேன், மெமரியைக் கழற்றினேன், விசிறியைக் கழற்றினேன். விளக்கு அணைந்துகொண்டே இருந்தது. போர்டே போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

அந்த லேப்டாப்பைச் செய்த கம்பெனியை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் ஊரையும் ஆளையும் பார்த்ததில்லை, திருகாணிகள் வழியாக வந்த பழக்கம். என் தொழில் படித்துக் கற்றதில்லை, கழற்றிக் கற்றது. புடவையைக் கையில் வாங்கியதும் நெசவுக்காரர் பின்பக்கத்தைப் புரட்டுவார் இல்லையா, அதுபோல நான் லேப்டாப்பின் அடிவயிற்றைப் புரட்டுவேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் ஆதியில் ரேடியோ செய்தவர்கள். பிறகு டேப் ரெக்கார்டர், பிறகு டிவி, கடைசியில்தான் லேப்டாப். முதல் மாடல் அம்மிக்கல் கனம். மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். ஆனால் பிரித்தால் ரேடியோக்காரன் கை தெரியும். ஒவ்வொரு திருகாணிக்குப் பக்கத்திலும் குட்டி அம்புக்குறி இருக்கும். நாளைக்கு இன்னொருவன் இதைக் கழற்றுவான் என்று நினைத்துச் செய்த வேலை. அக்காவிடம் இருந்தது அதற்கு அடுத்த மாடல். சாம்பல் நிறம், அதே அம்புக்குறிகள். இடது பக்கத்தில் ஏதோ கார்டு செருக ஒரு நீளத் துளை, அதற்கு ஸ்பிரிங் வைத்த குட்டிக் கதவு. அந்தக் கார்டை இந்த ஊரில் ஒருவரும் செருகி நான் பார்த்ததில்லை.

அப்புறம் கம்பெனிக்கு டிவி வியாபாரம் படுத்தது. லேப்டாப் பிரிவை வேறொருவருக்கு விற்றார்கள். வாங்கியவர் பெயரை வைத்துக்கொண்டு குடலை மாற்றினார். அம்புக்குறி போயிற்று, திருகாணி இருந்த இடத்தில் பசை வந்தது. எங்கள் தெருவில் நூல் விற்கிற தெலுங்குக்காரர் ஒருவர், “பேரு பெத்த பேரு, தாக நீலு லேது” என்பார். பெயர் பெரிய பெயர், குடிக்கத் தண்ணீர் இல்லை. கொஞ்ச காலத்தில் வாங்கியவரும் கடையை மூடினார்.

மாடலைத் தேடிச் சென்னையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். “அந்த மாடலாண்ணே? மியூசியத்துல போய்க் கேளு” என்றான் ஒருவன். கடையில் உட்கார முடியவில்லை. எழுந்து தெருமுனை வரை போவேன், திரும்பி வருவேன், சார்ஜரைச் செருகுவேன், விளக்கு அணையும். மறுபடி எழுந்து போவேன்.

ஒரு நாள் அக்கா வீட்டுக்கே போனேன். ஓடாத தறியைப் பார்ப்பது இன்னும் மோசம். நெய்த புடவை உருளையில் சுருண்டு கிடந்தது, நெய்யாத பாவு நூல் விறைத்துக்கொண்டு நின்றது. அக்கா வீட்டுக்காரர் கத்தரிக்கோலை எடுத்துப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

“நாள் நெருங்கிக்கினு வருதுபா. வெறும் ஜரிகைப் பட்டையா நாலு இழுப்பு இழுத்து முடிச்சி அறுத்துடலாம்னா கேக்க மாட்டேங்குறா.”

“நான் உயிரோட இருக்கச் சொல்ல அது நடக்காது” என்றார் அக்கா. “நெனச்சது நெய்யாம பாவ அறுக்கறது, பந்தியில உக்காந்தவன எழுப்பிவுடுற மாதிரி. அதுவும் கல்யாணப் பொண்ணோடது.”

மகள் கதவோரம் நின்று சிரித்தாள். “அம்மா, கடையில ஒண்ணு எடுத்துக்கலாம்மா. புடவையா முக்கியம்?”

“உனுக்கு இன்னாடி தெரியும்? ஊரான் பொண்ணுக்கெல்லாம் மயிலு, அன்னம்னு நெய்வேன், எம்பொண்ணு மொட்டை முந்தியோட மணையில குந்துவாளா?” என்று சொல்லிவிட்டு அக்கா என் காலைப் பார்த்தார். “நீ ஏன்பா தறியே இல்லாம மிதிச்சிக்கினு இருக்குற?”

மறுநாள் ஏனாத்தூரில் கல்லூரிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் கூப்பிட்டார். படிப்பை முடித்துப் போகிற பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகும் பழைய லேப்டாப்புகளைச் சேர்த்துவைப்பவர் அவர். “நீ சொன்ன பேரு, நீ சொன்ன கலரு. வந்து தூக்கிக்கினு போ, எடத்த அடைச்சிக்கினு கெடக்குது.”

போனேன். பெயரைப் பார்த்தேன், சாம்பல் நிறத்தைப் பார்த்தேன், பின்னால் அகல வயருக்கு இடம் இருப்பதைப் பார்த்தேன். வண்டியைக் கிளப்பிவிட்டேன். அங்கேயே புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவ்வளவு பொறுமை அன்றைக்கு என்னிடம் இல்லை. வழியில் என் கடையில் கிடந்த அக்காவின் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டில்தான் இறங்கினேன்.

தறிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து புதிதாக வந்ததைப் புரட்டினால், அம்புக்குறி இல்லை. நெம்பித் திறந்தேன், உள்ளே பசை. டிஸ்க் உட்கார வேண்டிய இடமே வேறு அளவில் இருந்தது. விற்ற பிறகு வந்த மாடல். பெயர் பெத்த பெயர்தான். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையில் திருப்புளியோடு குந்தியிருந்தேன்.

அக்கா அதற்குள் அந்த லேப்டாப்பின் இடது ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னாபா இது, உண்டியே காணோம்?”

“எந்த உண்டி?”

“அதான், நம்மளதுல கதவு வச்சி ஒண்ணு இருக்குமே.”

“அது கார்டு போடுறதுக்குக்கா. உண்டி இல்ல.”

“கார்டோ கீர்டோ. நான் ஜரிகைத் துண்டு அதுலதான் போடுவேன்.”

என் கால் நின்றுவிட்டது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய ஜரிகைத் துணுக்கைத் தரையில் போட மாட்டார்கள். வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசிய இழை, லட்சுமி, காலில் படக் கூடாது. டப்பா, முந்தி முடிச்சு, சாமி படத்துச் சட்டம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஓரிடம் வைத்திருப்பார்கள். அக்காவுக்குக் கையெட்டும் தூரத்தில், கதவோடு, ஆண்டவனே செய்து அனுப்பிய உண்டியல் மாதிரி ஒரு துளை இருந்திருக்கிறது. வெள்ளியைவிட நன்றாக மின்சாரம் கடத்துகிற உலோகம் கிடையாது.

பழைய லேப்டாப்பை எடுத்தேன். துளைக்கு மேல் மூடியிருந்த தகரக் கூட்டை அன்றுவரை நான் கழற்றியதே இல்லை. யாரும் பயன்படுத்தாத இடத்தில் என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு. அம்புக்குறி காட்டிய திருகாணிகளை எடுத்துக் கூட்டைத் தூக்கினேன். உள்ளே சிட்டுக்குருவிக் கூடு போலத் தங்க நிறத்தில் சுருண்டு கிடந்தது. துளையின் கடைசியில் பல் மாதிரி நிற்கிற ஊசிக் கம்பிகளுக்குக் குறுக்கே ஓர் இழை மாட்டியிருந்தது.

“அடியே, இங்க வா” என்று அக்கா வீட்டுக்காரர் மனைவியைக் கூப்பிட்டார். “லட்சுமிய எங்க குடி வச்சிருக்குற பாரு.”

“கால்ல படலல்ல? அதப் பேசு” என்றார் அக்கா.

இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து மகள் நீட்டிய கிண்ணத்தில் போட்டேன். தூரிகையால் துடைத்தேன். கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி, சார்ஜரைச் செருகிவிட்டுக் கண்ணைச் சார்ஜர் பக்கம் திருப்பவே பயமாக இருந்தது. மகள்தான் பார்த்துச் சொன்னாள். “அண்ணா, லைட்டு எரியுது.”

அணையவில்லை. பட்டனை அழுத்தினேன். திரை வழக்கம்போல நிதானமாக, யாருக்கும் அவசரமே இல்லாத மாதிரி விழித்தது. அகல வயரைச் செருகியதும் தறிக்கு மேலே பெட்டி டக்கென்றது. இழைகள் எழுந்தன. வீட்டுக்காரர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து தறிக் குழியில் இறங்கினார். அந்த இடைவெளியில் நான் குட்டிக் கதவின் மேல் டேப் ஒட்டிவிட்டேன். முதல் வரிசைப் பூ விழுந்தது. ஜரிகையை வெட்டினார். கை பழக்கத்தில் இடது பக்கம் போய், டேப்பில் முட்டி நின்றது.

“வாய அடைச்சிட்டியாபா?”

“அடைச்சிட்டேன்கா.”

“அப்ப இந்தா. இனிமே நீதான் உண்டி” என்று துணுக்கை என் கையில் வைத்தார்.

சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எழுந்து போக மனம் வரவில்லை. திரை எப்போது அணையுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுந்த இழையை முடிச்சுப் போட அக்கா நிறுத்தும்போதெல்லாம் என் முட்டி ஆடத் தொடங்கும், மிதிகட்டைச் சத்தம் கேட்டதும் நிற்கும். நாலைந்து முறை பொறுத்துக்கொண்டார்.

“கடைக்குப் போபா. நீ குந்திக்கினு ஆடுற ஆட்டத்துல என் மயிலு கோணிக்கினு போவுது.”

கோணவில்லை. ஆவணியில் மணமேடையில் பக்கத்திலேயே போய்ப் பார்த்தேன்.