பரக்கத் நிஷாவின் பழைய நம்பர்

பேசிக்கொண்டே அட்டை மடிக்கிறாள் பரக்கத் நிஷா. கண்கள் எதிரில் நிற்பவரின் முகத்தில் இருக்கும். கை மட்டும் மடியில் கிடக்கும் அட்டையை இனிப்புப் பெட்டியாக்கி ஓரமாகத் தள்ளும். திண்டிவனத்தில் அவளுடைய தகரக் கொட்டகையில் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். சொன்ன நாளில் பெட்டி போய்விடும். அரசாங்கக் காகித விவகாரம் என்றால்தான், "அத்த அப்பால பாத்துக்கலாம்" என்பாள்.

விழுப்புரத்திலிருந்து தொழிலை இங்கே மாற்றி எட்டு மாதம் ஆகிறது. அந்தச் சமயத்தில் போன் தொலைந்தது. புது நம்பர் வாங்கிக்கொண்டாள். இனிப்புக் கடைகளுக்கு, லாரிக்காரருக்கு, ஜமாத்துக்கு எல்லாம் சொன்னாள். ஜிஎஸ்டி அலுவலகத்துக்கு மட்டும் சொல்லவில்லை. வரி வேலை பார்த்துத் தரும் கவிதா மூன்று முறை நச்சரித்தும் அதே "அப்பால"தான்.

போன செவ்வாய்க்கிழமை, பழைய கடைக்குப் பக்கத்தில் டீ விற்கும் புகழேந்தி, பூட்டிய ஷட்டருக்கு அடியில் கிடந்த ஜிஎஸ்டி அலுவலகத் தாள் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினார். அந்த விலாசத்தில் தொழில் எதுவும் நடக்கவில்லை, பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டிருந்தது. பதில் தர அன்றே கடைசி நாள். பதிவு போனால் பெரிய கடைகள் அவளிடம் பெட்டி வாங்காது. மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

கவிதா இணையதளத்தைத் திறந்தாள். பாஸ்வேர்டு காலாவதி. புதிது போட ஓடிபி பழைய நம்பருக்குத்தான் போகும். நிஷா தன் பழைய நம்பருக்கே போன் போட்டாள். கம்பெனி அந்த நம்பரை இப்போது வேறொருவருக்குக் கொடுத்திருந்தது. எடுத்தவர் பெயர் சின்னக்கண்ணு. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணையில் கரும்பு போட்டிருப்பவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் இறுகியது.

"யம்மா, ஓடிபி சொல்லித்தான் எம் பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்த பணமே பூட்ச்சி. வேற ஆள பாரு."

வைத்துவிட்டார். நிஷாவுக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நாமும் அதைத்தான் செய்திருப்போம் என்று தோன்றியது. மறுபடி கூப்பிட்டு, நேரில் வருவதாகச் சொன்னாள். வந்தால் பார்க்கலாம் என்றார். ஆதாரையும் பழைய பில் புத்தகத்தையும் பைக்குள் திணித்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினாள். வழியெல்லாம் நிமிடத்துக்கொரு தரம் மணி பார்த்தாள்.

காணையில் இறங்கி, விசாரித்து, வரப்போரமாக அவரைக் கண்டுபிடித்தபோது நாலரை. பில்லில் அச்சாகியிருந்த தன் நம்பரை அவர் வெகுநேரம் பார்த்தார். ஸ்வீட் பாக்ஸ் கேட்டு யார் யாரோ கூப்பிட்டுக்கினே இருந்ததற்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது என்றார். நிஷா போனில் சொன்னதும், ஆறு மணிக்குக் கிளம்பிவிடும் கவிதா தன் அலுவலகத்திலிருந்து ஓடிபிக்கான பொத்தானை அழுத்தினாள். சின்னக்கண்ணுவின் போன் சிணுங்கியது.

அவர் படிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிபிக்குப் பத்து நிமிஷம்தான் ஆயுள். கொஞ்சம் எட்டினால் நிஷாவுக்கே தெரிந்துவிடும். அவள் முகத்தைக் கரும்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நம்பிக்கை வந்தா படிங்க. வரலன்னா நான் போய்க்கினே இருக்கேன்."

ஒரு டிராக்டர் கடந்து போனது. பிறகு அவர் ஒவ்வொரு எண்ணாக, தடவித் தடவிப் படித்தார். நிஷா அதை அப்படியே கவிதாவுக்குச் சொன்னாள்.

பதிலும், விலாச மாற்ற மனுவும், நிஷாவின் புது நம்பரும் இணையதளத்தில் ஏறி முடிய ஐந்தே முக்கால் ஆனது. அதிகாரி ஒப்புதல் தர வேண்டியது இனிமேல்தான். ஆனால் ஒப்புகைச் செய்தி நிஷாவின் புது போனுக்கே வந்தது.

அவள் சின்னக்கண்ணுவிடம் கேட்டு அவர் போனை வாங்கினாள். அந்த ஓடிபி செய்தியை அவர் கண்ணெதிரிலேயே அழித்தாள். அழிந்ததைக் காட்டிவிட்டு, போனை இரண்டு கையாலும் நீட்டினாள்.