குடிக்காதவளின் மூக்கு

லண்டன் நகருக்குள் கார் கொண்டுபோகக் காசு வாங்கத் தொடங்கிய வருடம் அது. வால்தம்ஸ்டோ வீட்டுக் கொட்டிலில் நான் லாகர் என்ற, குளிரில் புளிக்க வைக்கும் பியர் காய்ச்சினேன். முன்பு ஜெர்மனியில் பியர் பீப்பாய் கழுவியவன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

முதலில் கறுப்பு லாகர். அதைப் புளிக்க வைத்த ஈஸ்ட் கொஞ்சம் இனிப்பை மிச்சம் விடும். வீட்டில் பியர் காய்ச்சுபவர்களின் சங்கத்தில் மெச்சினார்கள். அதே ஈஸ்டைப் பொன்னிற லாகருக்கும் போட்டேன்.

மனைவி குடிக்கமாட்டாள். கிளாசை மணந்து மட்டும் பார்த்தாள்.

"இதில பட்டர் மணக்குது. கறுப்பில தெரியேல்லை. இதுக்கு வேற ஈஸ்ட் போடுங்கோ."

"குடிக்காத உனக்கு என்ன தெரியும்?"

"குடிக்கிறேல்லைத்தான். மூக்கு இருக்கு."

நான் கேட்கவில்லை. அப்படியே சங்கத்துக்குக் கொண்டுபோனேன். சங்கத்தின் வெள்ளைக்காரத் தலைவர் ஒரு வாய் குடித்தார். "பட்டர்" என்றார். மீதியை எல்லாருக்கும் முன்னால் கை கழுவும் தொட்டிக்குள் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்து, பிழை என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். பிறகு ஒரே பொன்னிற லாகரை நான்கு ஜாடிகளில் பிரித்து, நான்கு வகை ஈஸ்ட் போட்டுக் குளிரில் வைத்தேன். அவள் மணந்து மூன்றாவதைக் காட்டினாள். அதைச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். அவளையும் கூட்டிப்போனேன். இந்த முறை தலைவர் கிளாசைக் குடித்து முடித்தார்.

இதைக் கேள்விப்பட்டு அவளுடைய தம்பி வீட்டுக்கு வந்து நின்றான்.

"அத்தான், எங்கட சனம் கதைக்குது. அக்காவைப் பியர் மணக்க வைக்கிறியளோ?"

"ஓம். உனக்கும் ஒரு கிளாஸ் தரட்டோ?"

சனம் கதைக்கட்டும். எந்தப் பியருக்கு எந்த ஈஸ்ட் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் அவள்தான் சொல்கிறாள்.