இஸ்திரி வண்டிக்குக் கீழே ஒரு பீரங்கிக் கல்

நீங்கள் ஒருவரும் நம்பப்போகாத கதை இது என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை மயிலாப்பூரில் காபிக்கு நின்றபோது கைபேசியில் செய்தி வந்தது: சர்வேயர் அல்போன்ஸ் போய்விட்டார். அந்தக் கணத்தில் வங்கக்கடல் இரண்டடி பின்வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன். காபிக்கடையிலிருந்து கடல் தெரியாதே என்பவர்கள் அல்போன்ஸை அறியாதவர்கள்.

அறிந்தவர்களுக்கு, சாந்தோமில் அவருடைய சந்தின் மேட்டு முனையில், தலையில் அம்புக்குறியோடு நிற்கும் கல் நினைவிருக்கும். கடலோரக் கோட்டையில் பீரங்கியைக் குறிபார்க்க அந்தக் காலத்தில் நட்ட சர்வே கல் என்பார். "கல்லு ஜோடியாத்தான் நடுவான். ரெண்டையும் ஒரே கோட்டுல பாத்துப் பீரங்கியைத் திருப்புவான். ஒரு விரக்கடை நகர்ந்துச்சுன்னா குண்டு கப்பல்ல விழாது, கட்டுமரத்துல விழும்." ஜோடிக் கல்லை யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் அந்தச் சந்தில் மழைநீர் வடிகால் வெட்ட வந்த இன்ஜினியர் கல்லைப் பெயர்க்கச் சொன்னார். அல்போன்ஸ் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். எண்பத்திரண்டு வயது, கையில் குடை. பார்வையில் நாற்பது பீரங்கி.

"பெரியவரே, ஜோடியைக் காட்டுங்க, விட்டுடறேன். இல்லேன்னா மத்தியானம் இது ஜல்லி."

வீட்டிலிருந்து அவருடைய தியோடலைட், நிலம் அளக்கும் பழைய தொலைநோக்கி, வந்தது. முக்காலியில் அதை நிறுத்திக் கோடு பிடித்து, பழைய வரைபடம் சொன்ன தூரத்தைச் சங்கிலியால் அளந்தார். கோடு சந்தின் பள்ளத்தில், ஏழுமலையின் இஸ்திரி வண்டிக்கு அடியில் முடிந்தது.

"இன்னா நைனா, என் வண்டிக்குக் கீழ பீரங்கியா கீது? சட்டைல மண்ணு பட்டா யாரு பதில் சொல்றது?"

மூன்றடி தோண்டியும் ஒன்றுமில்லை. இன்ஜினியர் சிரித்தார். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

அல்போன்ஸ் எதிரிலிருந்த தன் வீட்டு வாசலைப் பார்த்தார். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடு. இப்போது இரண்டு படி இறங்க வேண்டும்.

"கல்லு எங்கேயும் போகல. பழசைச் சுரண்டாம ரோடு மேல ரோடு போட்டுப் பள்ளத்தை ரொப்பிட்டீங்க. இன்னும் தோண்டுப்பா."

இன்னும் இரண்டடி. 'ணங்' என்றது கடப்பாரை. அந்தச் சத்தத்தில் கிண்டியில் குதிரைகள் தாமாகவே ரேஸ் ஓடின. கோட்டூர்புரம் பாலம் எழுந்து நின்று வணக்கம் வைத்தது. மண்ணைத் துடைத்தால் அதே அம்புக்குறி!

இன்ஜினியர் தன் வடிகால் வரைபடத்தை மடித்தார். "மேட்டுக் கல்லை விட்டுட்டு வளைச்சு வெட்டுப்பா" என்றார்.

அல்போன்ஸ் கடைசியாகப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையை ஏழுமலைதான் தேய்த்துக் கொடுத்தான். நான் வைத்துக்கொண்டது "இன்னும் தோண்டுப்பா" என்ற அந்த ஒரு சொல்லை.

கடல், குதிரை, பாலம் எல்லாம் என் கைச்சரக்கு. ஆனால் சாந்தோமில் அந்த மேட்டு முனையில் வடிகால் வளைந்துதான் போகிறது. போய்ப் பாருங்கள்.