கிண்ணத்துக்கு வைத்த நேர்த்தி

வெயிலில் சூடேறிய தார்வீதியில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் ஒரு மணம் எழும், பாதி புகையும் பாதி ஈரமுமாக மூக்கின் அடிவரை போய் இருக்கும். மற்றவர்களுக்கு அது கோடை மழையை நினைவூட்டுமாம், எனக்கோ அது ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப்போட்டியின் மணம். இதைச் சொன்னால் என் மனைவிகூட ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். ஆகவே நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து அதிக காலம் ஆகவில்லை, எனக்குப் பன்னிரண்டு வயது. ஜெர்மனியின் ரூர்ப் பகுதியில் ஒரு சிறிய நகரத்தில், மூன்றாம் மாடி வீடொன்றில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அப்பாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் "ஃப்ரூஷிக்ட்", அதாவது விடிய முன்னரே தொடங்கும் வேலை. அதனால் இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு படுத்துவிடுவார். உதைபந்தாட்டம் அவருக்குப் பிடிக்காது என்று சொல்வதுகூடச் சரியல்ல, அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதையே அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. "இருவத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பந்தை வாங்கிக் குடுத்தால் ஏன் இந்த அடிபாடு?" என்பது அவருடைய நிலையான கேள்வி. எனக்கோ ஒரு கழகத்தின் மீது பைத்தியம். எந்தக் கழகம் என்று சொல்லமாட்டேன், சொன்னால் வாசிப்பவர்களில் பாதிப்பேர் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள்.

அந்த ஆண்டு அந்தக் கழகம் இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டது. எங்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே தமிழ்க்கடையில் கொடுத்த நாட்காட்டி தொங்கும், அதில் மயிலோடு முருகன். ஆட்டம் சமநிலையில் முடிந்து, மேலதிக நேரமும் சமநிலையில் முடிந்து, கடைசியில் "எல்ஃப்மீட்டர்" என்று நாங்கள் சொல்லும் பெனால்டி உதைகளுக்கு வந்தபோது, நான் தொலைக்காட்சியையும் பார்க்கிறேன், நாட்காட்டியையும் பார்க்கிறேன், இரண்டுக்கும் நடுவே என் கழுத்து மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

முதல் உதையை எங்கள் ஆள் வானத்துக்கு அனுப்பினார். முருகா, ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்றேன். எதிரணி பந்தைப் போட்டதும் அது மூன்று தேங்காயாயிற்று. அடுத்ததற்கு ஒரு மாதம் இறைச்சி தின்னமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சனிக்கிழமைதோறும் தின்னும் இறைச்சி வைத்த "டோனர்" ரொட்டியை நினைத்துக்கொண்டேதான் கொடுத்தேன். எதிரணியின் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதும், சரி, ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று துணிவு வந்து, கற்பூரச் சட்டி எடுப்பேன் என்றேன். எங்கள் கோயிலில் அது பெண்கள் எடுப்பது என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா சாரத்தை இழுத்துக் கட்டியபடி வாசலில் வந்து நின்றார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்ததும் கேள்வியை விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தண்ணீர் குடிக்கவோ என்னவோ குசினிக்குள் போய்விட்டார்.

எதிரணியின் கடைசி உதை வந்தது. எங்கள் பந்துக்காப்பாளர் அதைத் தடுத்தால் கிண்ணம் எங்களுக்கு. என்னிடமோ நேர்ந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை. "முருகா! இதைத் தடுத்துவிடு! தேருக்குப் பின்னாலை பிரதட்டை வாறன்!" என்று வீடு அதிரக் கத்தினேன். அவர் இடப்பக்கம் பாய்ந்தார், பந்தும் இடப்பக்கமே வந்தது.

நான் துள்ளியதில் அம்மா ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்த மேசை ஆடியது. "துள்ளாதை, கீழ்வீட்டு மனிசி பொலிசுக்குப் போன் அடிக்கப்போறா" என்றாள் அம்மா. பிறகு சட்டையை மடித்து வைத்துவிட்டு, மிகவும் அமைதியாக, "வாய்விட்டு நேந்துபோட்டாய். தேருக்கு இன்னும் ஆறு கிழமை கிடக்கு" என்றாள். கிண்ணம் வென்ற மகிழ்ச்சி எனக்குச் சரியாக ஒரு நிமிடம் நீடித்தது.

பிரதட்டை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். வெறும் மேலோடு, நனைத்த வேட்டியோடு, தேங்காயொன்றை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்தபடி, தேர் போகும் வீதி முழுவதும் அதன் பின்னால் உருண்டு போவது. எங்கள் கோயில் அப்போது கைத்தொழிற் பேட்டையில், ஒரு கார் ரயர் கடைக்கும் ஒரு குளியலறைச் சாமான் கடைக்கும் நடுவே, பழைய களஞ்சியமொன்றில் இருந்தது. தேர் சுற்றுவதோ பொது வீதி, ஜெர்மன்காரர் கமெராவோடு வந்து நிற்கும் வீதி.

தப்புவதற்கு வழி தேடி ஐயரிடம் போனேன். பிரதட்டைக்குப் பதிலாக ஓர் அருச்சனை செய்தால் போதாதா என்று கேட்டேன். "நீர் கேட்டது கிடைச்சுதோ?" என்றார். "ஓம்." "அரைவாசியோ முழுசோ?" "முழுசு." "பிறகென்ன?" என்று சொல்லிவிட்டு அவர் விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டார்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றை அதற்கு முன்பே செய்திருந்தேன். எங்கள் சிறுவர் அணியில் என்னோடு விளையாடிய ஸ்டெஃபானிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவன் வாயில் எள்ளும் ஊறாது. இரண்டு நாளில் முழு அணிக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் கேலி செய்திருந்தாலாவது சண்டை பிடித்துத் தீர்த்திருக்கலாம். ஸ்டெஃபான் அதைத் தன் பாட்டில் விளங்கிக்கொண்டான். கிண்ணம் வென்றவர்கள் திறந்த வண்டியில் நகரத்தைச் சுற்றி ஊர்வலம் போவார்கள் அல்லவா, அதுபோலவே தமிழ்க் கடவுளும் எங்கள் வெற்றிக்காக ஊர்வலம் போகிறார் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டான். "நாங்கள் வராமல் இருப்போமா?" என்று என் தோளில் வேறு தட்டினான். அவர்கள் பார்க்க நான் வேட்டியோடு வீதியில் உருண்டால், அதன் பிறகு எந்த முகத்தோடு மைதானத்தில் இறங்குவது?

தேர் நாளுக்கு முதல்நாள் அம்மா இரண்டு தேங்காய்களை மஞ்சள் பூசி வைத்தாள். ஒன்று கை தவறினால் மற்றது உதவும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நல்ல வெயில். வீதி முழுவதும் தண்ணீர் ஊற்றினார்கள், அந்த மணம் எழுந்தது. நான் ஈர வேட்டியோடு தேருக்குப் பின்னால் படுத்துக்கொண்டு தலையைத் திருப்பிப் பார்த்தால், ரயர் கடை வாசலில் எங்கள் அணி முழுவதும் நிற்கிறது. எல்லோரும் கழகத்தின் சட்டை போட்டு, அந்த வெயிலிலும் கழுத்தில் கம்பளிச் சால்வை சுற்றியிருந்தார்கள். மோர் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "பாவம், வெள்ளைப் பிள்ளையள் வேர்த்துக் கொட்டுதுகள், முதல் அவைக்குக் குடுங்கோ" என்றது எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு உருளத் தொடங்கினேன்.

சனம் "அரோகரா" என்றது. எங்கள் அணி அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு, மைதானத்தில் தட்டுவதுபோலக் கைதட்டித் தட்டி "ஹரோ-ஹரா" என்று தொடங்கியது. உண்மையைச் சொன்னால், முதல் ஐம்பது மீற்றர் எனக்குப் பெருமையாகவே இருந்தது. குளியலறைச் சாமான் கடை முடக்கில்தான் வந்தது வினை. வீதி அங்கே கொஞ்சம் மேடு. தார் மேலே போயிற்று, வானம் கீழே வந்தது, காலையில் குடித்த பால் தொண்டைக்கு வந்தது. நின்றுவிட்டேன். தேர் நகர்ந்துகொண்டே இருந்தது. கைதட்டலும் நின்றது. நேர்ந்ததை முடிக்காமல் எழும்பினால் முருகனுக்கும் முகம் கொடுக்க முடியாது, ஸ்டெஃபானுக்கும் முகம் கொடுக்க முடியாது. அழுகை வந்துவிட்டது. குப்புறக் கிடந்ததால் ஒருவரும் பார்க்கவில்லை.

அப்போது என் பக்கத்தில் ஈரத் தாரில் யாரோ தொப்பென்று படுக்கும் சத்தம் கேட்டது. அப்பா. அவருடைய வேட்டியும் நனைந்திருந்தது, கையில் அந்த இரண்டாவது தேங்காய்.

"எழும்பாதை தம்பி. கண்ணைத் திற. மேலை பாக்காதை, என்ர தேங்காயைப் பாத்துக்கொண்டு உருளு" என்றார்.

பாண் தொழிற்சாலை மாவுமூட்டை தூக்கிய உடம்பு அது, நேராக உருளத் தெரியாது. ஒருமுறை நடைபாதைக் கல்லில் முட்டினார், ஒருமுறை என்னிலேயே வந்து ஏறினார், எனக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதை, சாமி காரியம்" என்று சொல்லி அவரும் சிரித்தார். எங்கள் அணி முன்னையதைவிட இரண்டு மடங்கு சத்தத்தில் கத்தியது. கோயில் வாசலில் நாங்கள் எழும்பி நின்றபோது, ஸ்டெஃபான் தன் சால்வையைக் கழற்றி அப்பாவின் கழுத்தில் போட்டான். அப்பா அதைப் பரிவட்டம் வாங்குவதுபோலக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

பிறகு தண்ணீர்ப்பந்தலில் உட்கார்ந்து முழங்கையில் ஒட்டிய குறுணிக் கற்களை எடுத்துக்கொண்டிருந்தோம். "எனக்காகவோ உருண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"இல்லை, நானும் நேந்தனான்."

"எப்ப?"

"அண்டைக்குத்தான். குசினிக்கை நிண்டு. நீ இருந்த கோலத்தைப் பாக்க ஏலாமல் போச்சு."

எனக்கு நம்ப முடியவில்லை. "எங்கட பக்கம் வெல்லோணும் எண்டோ?"

"உங்கட பக்கம் எது எண்டு எனக்கென்ன தெரியும்?" என்றார் அப்பா. "என்ர பெடியன் எந்தப் பக்கத்தைக் கேக்கிறானோ, அந்தப் பக்கம் எண்டனான். முருகன் விசாரிச்சுச் செய்யட்டும்."

எத்தனையோ பேர் என்னிடம் அன்பாக இருந்திருக்கிறார்கள். அந்தப் பதிலுக்குச் சமமாக இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தக் களஞ்சியத்தில் இப்போது கோயில் இல்லை. நகரத்துக்கு வெளியே கோபுரம் வைத்துக் கட்டியாயிற்று, தேர் சுற்றக் கல் பதித்த சொந்த வீதி இருக்கிறது, உருளுபவர்களுக்குக் கம்பளம்கூட விரிக்கிறார்கள். தார் மணம் இல்லை. ரயர் கடையும் இல்லை. தொலைக்காட்சி சுவர் அளவுக்குப் பெரிதாகிவிட்டதால் அதற்கு மேலே நாட்காட்டி மாட்ட இடமில்லை. இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பந்து கேட்ட அப்பாவும் காணாமற் போய்விட்டார். ஓய்வு பெற்றபின் ஓர் ஆட்டம் விடாமல் பார்க்கிறார், "ஓஃப்சைட்" எது என்று நடுவருக்கே சொல்லிக்கொடுக்கிறார். அதுமட்டுமா, தனக்கென்று ஒரு கழகத்தையும் பிடித்துக்கொண்டார், நாங்கள் சின்ன வயதிலிருந்து வெறுக்கும் அந்தக் கழகத்தை!

போன கிழமை அவருடைய கழகமும் எங்கள் கழகமும் மோதின. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் அப்பா தண்ணீர் குடிக்க என்று எழுந்து குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய பந்து எங்கள் வலைக்குள் இருந்தது.

"அப்பா, உள்ளுக்கை என்ன செய்தனீங்கள்?" என்று சத்தம் போட்டேன்.

தண்ணீர்க் குவளையோடு வந்து, மெல்ல நாற்காலியில் சாய்ந்து, என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"நீ இப்ப அழமாட்டாய்தானே," என்றார். "இனி எனக்கெண்டு கேப்பன்."