அப்பா அனுப்பிய ஸ்டேசன்

எங்கள் சிறிய ஊரின் ஸ்டேசன் கட்டடத்தை அம்மாவுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. பிராங்பேர்ட்டுக்கு ரயில் ஏறுவதென்றால் பக்கத்துப் பாதையால் சுற்றித்தான் மேடைக்குப் போவார். மழை கொட்டினாலும் அதன் தாழ்வாரத்தில் ஒதுங்கமாட்டார். எல்லாம் ஒரு படத்தால் வந்த வினை.

அப்பா அகதியாக ஜெர்மனிக்கு வந்த புதிதில், சிநேகிதர் ஒருவரின் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுக்கு அனுப்பினார். அப்போது வந்தவர்கள் பலரும் யாருடையதோ காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து அனுப்பினார்கள். அப்பாவுக்குக் கார் போதவில்லை, ஸ்டேசனையே பிடித்துவிட்டார். சிவப்புக் கல்லில் இரண்டு மாடி, வளைந்த ஜன்னல்கள். பெயர்ப் பலகையும் தண்டவாளமும் படத்துக்குள் வரவில்லை. அது தன் வீடு என்று அவர் எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை.

அம்மா அந்தப் படத்தை ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்து சேர்ந்தார். ரயிலைவிட்டு இறங்கியதும் படத்தில் கண்ட வீட்டை அடையாளம் கண்டு, பெட்டியோடு நேரே உள்ளே போய்விட்டார். உள்ளே டிக்கெட் ஜன்னலும் வரிசையில் ஆட்களும். அப்பா அவரை அங்கிருந்து கூட்டிப்போனது அகதி விடுதியின் ஒற்றை அறைக்கு. அன்று முதல் வீட்டில் சண்டை வந்தால் அப்பாவின் பெயர் ‘ஸ்டேசன் மாஸ்டர்’.

நான் வளர வளர அந்த ஸ்டேசன் தேய்ந்துகொண்டே போனது. சீனி ஆலைக்குக் கிழங்கு ஏற்றிய சரக்குக் கொட்டகையை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். டிக்கெட் ஜன்னலை மூடி மெசின் வைத்தார்கள். மன்னர் காலத்தில் வசதியானவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு காத்திருப்பு அறைகள் இருந்தனவாம். இரண்டையும் ஒரேமாதிரிப் பலகை அடித்து மூடினார்கள். ரயில்கள் மட்டும் வழமைபோல நின்று போயின. டார்ம்ஸ்டாட்டில் படித்த காலம் முழுக்க நானும் அவற்றில்தான் போய்வந்தேன். கடைசியில் ஒரு ஜெர்மன் பெண்மணி கட்டடத்தை வாங்கி, வாடகை வீடுகளாகப் பிரித்தார்.

அதற்குள் அம்மாவின் முழங்கால்கள் போய்விட்டன. எங்கள் வீடோ மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. அம்மா கோயிலுக்குப் போவதையும் விட்டு ஜன்னலோடு ஒட்டிக்கிடந்தார். கீழ்த்தளத்தில் வீடு தேடி அலையாய் அலைந்தோம். கிடைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஸ்டேசனில்.

“உந்தப் பொய் வீட்டுக்கோ? செத்தாலும் வரமாட்டன்.”

“அம்மா, இனி உங்களுக்குப் படி ஏற ஏலாது. ஒருக்கா வந்து பாருங்கோ. வீடு பாக்க நாளும் நேரமும் கேட்டு டெர்மின் எடுத்திட்டன்.”

அந்த நாள் வந்ததும் அப்பா கையைப் பிடிக்க, அம்மா நின்று நின்று இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் ஸ்டேசன் மாஸ்டருக்கு ஒரு பேச்சு விழுந்தது.

வீடு, அந்தப் பழைய இரண்டாவது காத்திருப்பு அறைதான். உயர்ந்த கூரை, வாசலில் ஒரு படிகூட இல்லை. ஜன்னலோரம் பயணிகள் உட்காரும் பழைய வாங்கு ஒன்றை வீட்டுக்காரி அப்படியே விட்டிருந்தார். அம்மா அதில் உட்கார்ந்து காலை நீட்டினார். ஒரு ரயில் வந்து, நின்று, போனது.

“நல்ல வெளிச்சம்,” என்றார் கடைசியில். பிறகு அப்பாவிடம், “இஞ்சேருங்கோ, வெளியில வாங்கோ. அண்டைக்கு நிண்ட இடத்தில நில்லுங்கோ,” என்றார்.

அப்பா கூசிக்கொண்டு போய் நின்றார். அம்மாவும் பக்கத்தில் நிற்க, நான் படம் எடுத்தேன். அதை உடனே யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்திக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பிய கையோடு சித்தி போன் எடுத்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, இன்னும் அதே வீட்டிலதான் இருக்கிறியளோ? கதவு ஜன்னல் எல்லாம் மாத்தி வடிவாக்கியிருக்கிறியள். அத்தான்தான் பாவம், தலைமயிர் முழுக்கக் கொட்டுண்டு போச்சு!”

நானும் அப்பாவும் அம்மாவையே பார்த்தோம்.

“ஓமடி, திருத்த வேலை இப்பதான் முடிஞ்சது,” என்று சொல்லி அம்மா போனை வைத்தார்.

“நீர் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?” என்று கேட்டார் அப்பா.

“நான் உங்களைப் பேசுவன். ஊர் பேச விடுவனே?” என்ற அம்மா என் பக்கம் திரும்பினார். “எங்க கையெழுத்துப் போடுறது எண்டு வீட்டுக்காரியைக் கேள் பிள்ளை.”